தட்டில் கிளைவிடும் பாக்டீரியா: வாசகர் கேள்வி பதில்

பெட்ரி தட்டின் நடுவில் ஒரு சொட்டாக வைத்த பாக்டீரியா, சில நாளில் மரக்கிளை போல விரிவதையும், அந்த வளர்ச்சியைச் சமன்பாடுகளாக எழுதிக் கணினியில் பார்ப்பதையும் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். வந்த கேள்விகளில் பல, செய்து பார்த்து நடுவில் சிக்கிக்கொண்டவர்கள் அனுப்பியவை. அவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

ஒரே பாக்டீரியா ஒரு தட்டில் வட்டமாகவும் இன்னொன்றில் கிளைகிளையாகவும் வளரும் என்றீர்கள். மரபணுவா மாறுகிறது? இதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டலாம்?
– பள்ளி ஆசிரியை, மயிலாப்பூர்

மரபணு மாற வேண்டியதே இல்லை. மாறுபவை இரண்டுதான்: தரை எவ்வளவு இறுகியிருக்கிறது, சாப்பாடு எவ்வளவு இருக்கிறது. ஜப்பானில் ஃபுஜிகாவாவும் மட்சுஷிட்டாவும் 1989 முதல் வெளியிட்ட ஆய்வுகளில் எடுத்துக்கொண்டது பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியா. அகார் (தரையை இறுக்கும் கூழ்) அளவை ஒரு அச்சிலும் பெப்டோன் (பாக்டீரியாவின் சாப்பாடு) அளவை இன்னொரு அச்சிலும் வைத்துத் தட்டுகளை வளர்த்தபோது, ஐந்து விதமான உருவங்கள் ஐந்து பகுதிகளாகப் பிரிந்து நின்றன. அகார் இறுகி (லிட்டருக்கு 10 கிராம் அளவில்) பெப்டோன் குறைவாக (லிட்டருக்கு 1 கிராம்) இருந்தால் ஒல்லியான, ஒழுங்கற்ற கிளைகள். அவை வளர வாரக்கணக்கில் ஆகும். அதே இறுகிய அகாரில் சாப்பாட்டைக் கூட்டினால் விளிம்பு சொரசொரத்த கெட்டி வட்டு. அகாரை இளக்கினால் பாக்டீரியா நீந்தத் தொடங்கிவிடும்: சத்து நிறைய இருந்தால் மெல்லிய, சீரான வட்டு, குறைவாக இருந்தால் நெருக்கமான கிளைகள். சத்து நிறைந்த கெட்டி வட்டுக்கும் மெல்லிய வட்டுக்கும் இடைப்பட்ட இறுக்கத்தில் வளைய வளையமாக ஒரு பகுதி.

வகுப்பில் காட்டக் கோலப்பொடியும் புள்ளியும் போதும். தரையில் 21-க்கு 21 நேர்ப்புள்ளி வையுங்கள். நடுப்புள்ளியில் ஒரு புளியங்கொட்டை. முதல் ஆட்டம்: கொட்டை இருக்கும் புள்ளிகளை ஒட்டிய காலிப் புள்ளிகளுக்கு எண் கொடுத்து, சீட்டுக் குலுக்கி ஒன்றில் கொட்டை வையுங்கள். திரும்பத் திரும்பச் செய்தால் கெட்டியான உருண்டை வரும். சாப்பாட்டுக்குக் குறைவில்லாத தட்டு இதுதான். ஈடன் 1961-இல் முன்வைத்த கணித மாதிரி இது.

இரண்டாவது ஆட்டத்தில் கொட்டை வெளி ஓரத்திலிருந்து புறப்படும். தாயக்கட்டை வேண்டாம், ஆறு முகப் பகடை எடுங்கள். 1 வந்தால் மேலே, 2 கீழே, 3 இடம், 4 வலம். 5, 6 வந்தால் மறுபடி உருட்ட வேண்டும். இருக்கும் கொட்டைக்குப் பக்கத்துப் புள்ளியை எட்டியதும் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். முப்பது நாற்பது கொட்டைக்குள் கிளை பிரிவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பார்கள். ஏன் என்று அவர்களையே கேளுங்கள். அலைந்து வருகிற கொட்டை, உள்ளே பள்ளத்துக்குப் போவதற்கு முன்பே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியில் தட்டிவிடுகிறது. விட்டனும் சாண்டரும் 1981-இல் கொடுத்த கணித மாதிரி இது. பெரிய அளவில் செய்தால் அதன் பின்னப் பரிமாணம் (கிளைகள் தளத்தை எவ்வளவு நிரப்புகின்றன என்று காட்டும், கோட்டின் 1-க்கும் தளத்தின் 2-க்கும் இடைப்பட்ட எண்) 1.71-ஐ ஒட்டி வரும். பசித்த சப்டிலிஸ் கிளைகளிலும் ஏறத்தாழ அதே எண்தான் கிடைத்தது.

கட்டுரைகளில் எல்லா எண்ணும் அலகே இல்லாமல் இருக்கிறது. என் கணினியில் வளரும் வட்டம் நிஜத் தட்டில் மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று எப்படிச் சொல்வது?
– எம்.எஸ்சி. மாணவர், கிண்டி

எல்லாரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. ஃபிஷரும், தனியாகக் கோல்மோகோரோவ் குழுவினரும் 1937-இல் தந்த சமன்பாட்டில் தொடங்குங்கள்: அடர்த்தி மாறும் வேகம் = விரவல் (அடர்ந்த இடத்திலிருந்து தானாகப் பரவுவது) + வளர்ச்சி. இதில் விளிம்பு நகரும் வேகம் 2 × √(வளர்ச்சி வீதம் × விரவல் கெழு). எவ்வளவு விரைவாக விரவுகிறது என்று காட்டும் எண்தான் விரவல் கெழு.

எண் போட்டுப் பார்ப்போம். 30 நிமிடத்தில் இரட்டிப்பாகிற பாக்டீரியாவுக்கு வளர்ச்சி வீதம் மணிக்கு 0.693 ÷ 0.5 = 1.386. இளகிய அகாரில் விரவல் கெழு மணிக்கு 0.36 சதுர மி.மீ. என்று வையுங்கள் (நொடிக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). வேகம் மணிக்கு 1.41 மி.மீ. விளிம்பின் தடிமன் √(0.36 ÷ 1.386), அதாவது அரை மி.மீ. கணினியில் தட்டைச் சின்னச் சதுரக் கட்டங்களாகப் பிரிக்கிறோம்; கட்டத்தின் அளவைத் தீர்மானிப்பது இந்த அரை மி.மீ.தான். விளிம்புக்குள் ஐந்து கட்டமாவது விழ வேண்டும் என்றால் ஒரு கட்டம் 0.1 மி.மீ.; 90 மி.மீ. தட்டுக்கு 900 × 900 கட்டங்கள்.

அடுத்தது நேரப்படி, அதாவது கணக்கு ஒரு தாவலில் கடக்கும் நேரம். இப்போதைய மதிப்பிலிருந்தே அடுத்ததைக் கணக்கிடும் எளிய முன்னோக்கு முறையில் அது கட்டத்தின் வர்க்கம் ÷ (4 × விரவல் கெழு) என்ற அளவைத் தாண்டக் கூடாது. பாக்டீரியாவின் கெழுவைப் போட்டால் 25 நொடி வரும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். சத்தும் விரவுகிறது, அதுவும் வேகமாக. குளுக்கோஸுக்கு நீரில் அந்தக் கெழு மணிக்குச் சுமார் 2.4 சதுர மி.மீ. அதைப் போட்டால் எல்லை 3.7 நொடியாகக் குறைந்துவிடும். 25 நொடி வைத்து ஓட்டினால் சில படிகளிலேயே சத்துத் தளம் சதுரங்கப் பலகை மாதிரி கறுப்பு வெள்ளையாகி வெடிக்கும். சோதனை ஓட்டங்களுக்குக் கட்டத்தை 0.2 மி.மீ. ஆக்கிக்கொள்ளுங்கள், வேலை பதினாறில் ஒரு பங்காகும். கடைசி ஓட்டத்துக்கு மட்டும் 0.1.

வேகத்தை அளக்கும்போது இரண்டு கவனம். வட்டம் சின்னதாக இருக்கையில் வளைவு காரணமாக வேகம் குறையும். குறைவு ஏறத்தாழ விரவல் கெழு ÷ ஆரம். 5 மி.மீ. ஆரத்தில் இது 5 சதவீதம். அதற்குப் பிறகு அளக்கத் தொடங்குங்கள். இரண்டாவது, சிறிய அடர்த்திகளைப் பூச்சியமாக வெட்டிவிடும் பழக்கம். 0.001-க்குக் கீழே வெட்டினால் விளிம்பு சுமார் 10 சதவீதம் மெதுவாகிவிடும், ஏனென்றால் இந்த விளிம்பை இழுத்துச் செல்வது முன்னால் இருக்கும் அந்த மெல்லிய வால்தான். நிஜ பாக்டீரியாவில் அரை செல் கிடையாது என்பதால் ஒரு வெட்டு நியாயமானதே. ஆனால் எங்கே வெட்டினோம் என்று எழுதி வைக்க வேண்டும்.

ஃபிஷர் சமன்பாட்டை எத்தனை தடவை ஓட்டினாலும் வட்டம்தான் வருகிறது. கிளை வரவே இல்லை. என்ன தவறு?
– ஆராய்ச்சி மாணவி, தரமணி

உங்கள் நிரலில் தவறில்லை. அந்தச் சமன்பாட்டில் கிளையே கிடையாது. விளிம்பில் ஒரு மேடு எழுந்தால் விரவல் அதைத் தடவிச் சமமாக்கிவிடும். கிளைக்கு மூன்று சேர வேண்டும்.

முதலாவது, சத்தைத் தனி மாறியாக வைப்பது. பாக்டீரியா தின்னத் தின்னச் சத்து குறையும், சுற்றிலிருந்து விரவி வரும். மேட்டின் நுனி சத்து மிகுந்த பக்கம் நீட்டியிருப்பதால் கூடுதலாகத் தின்று இன்னும் நீளும்; பள்ளத்தில் இருப்பவை பட்டினி கிடக்கும். இரண்டாவது, பாக்டீரியா சத்தைவிட மெதுவாக விரவ வேண்டும். இரண்டும் சமமாக விரவினால் மேடு நிற்காது. விகிதத்தை 1-இல் தொடங்கி 0.1, 0.03, 0.01 என்று இறக்கிக்கொண்டே வந்து எங்கே விளிம்பு நெளிகிறது என்று பாருங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம்: பசித்த இடத்தில் பாக்டீரியா அசையாமல் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வந்த கிளைகளும் பிறகு கரைந்து குழைந்துவிடும். இதற்கு இரண்டு வழி உண்டு. கவாசாகி குழுவினர் 1997-இல் விரவல் கெழுவையே சத்து × பாக்டீரியா அடர்த்தி என்ற பெருக்கலாக வைத்தார்கள். சத்து தீர்ந்த இடத்தில் அது தானாகப் பூச்சியமாகிவிடும். மிமுராவும் சக ஆய்வாளர்களும் 2000-இல் பாக்டீரியாவை இரண்டாகப் பிரித்தார்கள்: அசைபவை, செயலற்றவை. சத்தும் கூட்டமும் குறைந்த இடத்தில் முதல் வகை இரண்டாம் வகையாக மாறும். தட்டில் நாம் காண்பது இரண்டின் கூட்டுத்தொகை. தொடங்குகிறவர்களுக்குக் கவாசாகி மாதிரியைச் சொல்வோம். மாறிகள் குறைவு, கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது எளிது.

அதை எழுதும்போது விரவலைக் கட்டத்தின் நடுவில் கணக்கிடாமல், இரண்டு கட்டங்களுக்கு நடுவிலுள்ள சுவரில் கணக்கிடுங்கள். சுவரின் கெழு, இரு பக்கக் கெழுக்களின் சாதாரணச் சராசரி. இசைச் சராசரி (தலைகீழிகளின் சராசரியைத் திரும்பத் தலைகீழாக்குவது) போட்டுவிடாதீர்கள். விளிம்புக்கு வெளியே பாக்டீரியா பூச்சியம், ஆகவே அங்கே கெழுவும் பூச்சியம். இசைச் சராசரியும் பூச்சியமாகி விளிம்பு ஒரு கட்டம்கூட நகராது. பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால் நாள் கணக்கில் தேட வைக்கும் தவறு இது.

எல்லாம் சரியா என்று பார்க்க ஒரு நல்ல வழி: தின்ற சத்து அத்தனையும் பாக்டீரியாவாகிறது என்று வைத்து, தட்டு முழுவதும் பாக்டீரியா + சத்து இரண்டையும் கூட்டுங்கள். முதல் படியிலும் கடைசிப் படியிலும் அந்தக் கூட்டுத்தொகை பத்து இலக்கம் வரை ஒத்துப்போக வேண்டும். குறைந்தாலோ கூடினாலோ எல்லையில் ஒழுகுகிறது. நம்பையில் (NumPy, பைதான் மொழியின் கணிதத் தொகுப்பு) ரோல் (roll) கட்டளையை மட்டும் நம்பினால் கூட்டுத்தொகை மாறாது. ஆனால் வலது ஓரம் இடது ஓரத்தோடு ஒட்டிக்கொண்டு, அடுத்த தட்டின் சாப்பாடு இந்தத் தட்டுக்கு வரும். ஓரங்களில் சுவர் வழியே போகும் அளவைப் பூச்சியம் என்று கைப்பட எழுதிவிடுங்கள்.

கிளை வந்துவிட்டது. ஆனால் எப்போதும் கூட்டல் குறி மாதிரி நாலு கை. பாக்டீரியாவில் அப்படி இல்லையே?
– பொறியியல் மாணவர், குரோம்பேட்டை

உங்கள் தட்டில் வளர்வது பாக்டீரியா இல்லை, கட்டம். நேர்ப்புள்ளி வைத்தால் நாலு மூலைக் கோலமும் ஊடுபுள்ளி வைத்தால் அறுகோணக் கோலமும் இயல்பாக வருகிற மாதிரி, சதுரக் கட்டம் நாலு கைகளை விரும்பும். மேல், கீழ், இடம், வலம் என நாலு அண்டையரை மட்டும் பார்க்கும் வாய்பாட்டை விட்டு, மூலையிலுள்ள நால்வரையும் சேருங்கள். நேர் அண்டையருக்குத் தலா 2/3, மூலைக்குத் தலா 1/6, நடுவுக்கு −10/3. எல்லாம் கட்டத்தின் வர்க்கத்தால் வகுபடும். நேரப்படியைக் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த எடைகள் கெழு மாறாத சத்துக்கு மட்டும். பாக்டீரியாவின் மாறும் விரவலுக்கு மேலே சொன்ன சுவர்க் கணக்கே தொடரட்டும், கட்டத்தை மட்டும் இன்னும் நுண்ணியதாக்குங்கள்.

பிறகு தொடக்கத்தில் வைக்கும் சொட்டை நீள்வட்டமாக்கி, ஒரு முறை நேராகவும் ஒரு முறை 45 பாகை திருப்பியும் ஓட்டுங்கள். இரண்டு படமும் திருப்பிப் பார்த்தால் ஒரே சாயலில் இருக்க வேண்டும்.

இரைச்சல் சேர்த்தீர்களா என்பதையும் பாருங்கள். கணினியில் முழுச் சமச்சீர் தொடக்கம் கொடுத்தால் சமச்சீர்தான் திரும்பி வரும். ஒவ்வொரு இடத்தின் விரவல் கெழுவையும் சில சதவீதம் தாறுமாறாகக் கூட்டிக் குறையுங்கள். நிஜ அகாரும் அப்படித்தான் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: கட்டத்துக்குக் கட்டம் இரைச்சல் வைத்தால், கட்டத்தைப் பாதியாக்கும்போது இரைச்சல் திட்டின் அகலமும் பாதியாகி, கிளையின் தடிமன் மாறிவிடும். இரைச்சலின் திட்டு 0.5 மி.மீ. என்று மில்லிமீட்டரில் நிர்ணயித்துவிட்டு, எந்தக் கட்டத்துக்கும் அதையே பயன்படுத்துங்கள்.

நாங்கள் ஆய்வகத்தில் ஒரே கலவையில் ஊற்றிய தட்டுகள் மே மாதம் ஒரு மாதிரியும் நவம்பரில் ஒரு மாதிரியும் வருகின்றன. கணினி மாதிரியோடு எதை ஒப்பிடுவது?
– நுண்ணுயிரியல் துறை, தாம்பரம்

அகாரின் மேற்பரப்பில் இருக்கும் ஈரம்தான் முதல் சந்தேகம். இளகிய அகாரில் பாக்டீரியா போவது ஒரு மெல்லிய நீர்ப்படலத்தில். கத்திரி வெயிலில் அது சீக்கிரம் காயும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடியில் நீர் கோத்துச் சொட்டாக விழும். அறை வெப்பத்தில் காயவைப்பதை விட்டுவிடுங்கள். 121 பாகையில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமிநீக்கம்) செய்ததும், கலவையை 50 பாகை வரை ஆறவிட்டு ஊற்றுங்கள்; சூடாக ஊற்றினால் மூடி வியர்க்கும். பிறகு காற்றோட்டப் பெட்டியில் மூடியைத் திறந்து, எப்போதும் ஒரே நிமிடக் கணக்கில் உலர்த்துங்கள். தட்டை உலர்த்துவதற்கு முன்னும் பின்னும் எடை போட்டு, எத்தனை கிராம் நீர் போனது என்று நோட்டில் குறிப்பது, நிமிடம் பார்ப்பதைவிட நல்லது. இன்குபேட்டருக்குள் ஒரு தட்டில் தண்ணீர் வையுங்கள்.

90 மி.மீ. தட்டுக்கு 20 மி.லி. ஊற்றினால் தடிமன் சுமார் 3 மி.மீ. மேசை சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் 2, ஒரு பக்கம் 4 ஆகி, ஆழமான பக்கம் சத்து அதிகம் இருப்பதால் கூட்டம் அந்தப் பக்கமே சாய்ந்து வளரும். ரசமட்டம் வைத்துப் பார்த்து ஊற்றுங்கள். 100 மி.லி. கலவைக்கு 0.5 கிராம் அகார் நிறுக்கும்போது 0.05 கிராம் பிசகினால் 10 சதவீதப் பிழை, 400 மி.லி. கலந்து 2 கிராம் நிறுத்தால் அதே பிசகு 2.5 சதவீதம். 0.5 சதவீதம் என்றால் லிட்டருக்கு 5 கிராம் என்பதையும் லேபிளில் இரண்டு விதமாக எழுதுங்கள். இந்தக் குழப்பத்தில் பத்து மடங்கு தவறிய தட்டுகள் உண்டு.

கணினி மாதிரியில் ஆழத்தை விட்டுவிட்டு மெல்லிய தளமாக எழுதலாமா என்று கேட்பீர்கள். 3 மி.மீ. ஆழத்தைக் குளுக்கோஸ் விரவிக் கடக்க ஒரு மணி நேரம் போல ஆகும். பக்கவாட்டில் 1 செ.மீ. கடக்கப் பத்து மணி நேரம். நாள்கணக்கில் வளரும் கிளைக்குத் தளமே போதும். சில மணியில் தட்டை நிரப்பும் கூட்டத்துக்குப் போதாது.

வளையம் வளையமாக வருவது எதனால்? டூரிங் சொன்ன வடிவங்கள்தானா?
– வாசகர், அண்ணா நகர்

இல்லை. டூரிங் 1952-இல் சொன்னது, வெவ்வேறு வேகத்தில் விரவும் இரண்டு வேதிப்பொருள்கள் இருக்கிற இடத்திலேயே புள்ளியும் வரியும் தோற்றுவிப்பது. கூட்டத்தின் வளையங்கள் நகரும் விளிம்பில் பிறப்பவை. வளையத்திலும் இரண்டு வகை உண்டு. புரோட்டியஸ் மிராபிலிஸ் என்ற பாக்டீரியாவும், இடைப்பட்ட இறுக்கத் தட்டுகளில் சப்டிலிஸும், கொஞ்ச நேரம் ஓடி, நின்று பெருகி, மறுபடி ஓடுகின்றன. நின்ற இடமெல்லாம் ஒரு வளையம். ஈ. கோலை பாக்டீரியா வேறு கதை. புட்ரீனும் பெர்க்கும் 1991-இல் காட்டியபடி, சக்சினேட் போன்ற உணவில் அது தானே அஸ்பார்டேட் என்ற அமினோ அமிலத்தைச் சுரந்து, அந்த வாசனையை நோக்கித் தானே கூடிப் புள்ளிகளாகத் திரள்கிறது. இதற்குக் கெல்லரும் சேகலும் 1970-இல் எழுதிய வேதி ஈர்ப்புச் சமன்பாடு வேண்டும். ஓட்டும்போது ஒரு கட்டத்தில் அடர்த்தி எகிறிக்கொண்டே போனால் நிரலைத் திட்ட வேண்டாம்: இரண்டு பரிமாணத்தில் கூட்டம் ஓர் அளவைத் தாண்டினால் ஒரு புள்ளியில் குவிந்து முடிவிலிக்குப் போவது அந்தச் சமன்பாட்டின் குணமே. வாசனை மிகுந்த இடத்தில் ஈர்ப்பு மட்டுப்படும்படி எழுதினால் அடங்கும்.

படத்தின் பின்னப் பரிமாணம் 1.7 வந்தால் மாதிரி சரி என்று எழுதலாமா?
– ஆராய்ச்சி மாணவர், கோட்டூர்புரம்

கூடாது. கவாசாகி, மிமுரா, அலையும் துகள் மாதிரிகள் எல்லாமே அந்தப் பக்கத்து எண்ணைத் தரக்கூடியவை. அவற்றில் எது உண்மை என்று அந்த எண் பிரித்துச் சொல்லாது. படத்தின் மேல் வெவ்வேறு அளவுப் பெட்டிகளை விரித்து, கிளை விழும் பெட்டிகளை எண்ணித்தான் இந்தப் பரிமாணத்தைக் காண்கிறோம். அப்படி எண்ணும்போது கிளையின் தடிமனைவிடச் சின்னப் பெட்டியும் ஆரத்தில் பாதியைவிடப் பெரிய பெட்டியும் கணக்கில் வரக் கூடாது. மிச்சமிருக்கும் இடைவெளி பத்து மடங்கு தேறாவிட்டால் சரிவு வரைந்து பயனில்லை. கறுப்பு வெள்ளையாக்கும் எல்லையை மேலும் கீழும் நகர்த்தி, எண் எவ்வளவு ஆடுகிறது என்பதையும் சேர்த்துக் கொடுங்கள்.

எங்கள் கருத்தில் இதைவிடக் கடினமான சோதனை ஒன்று வேண்டும். ஒரு பெப்டோன் அளவில் மாதிரியின் எண்களைப் பொருத்திவிட்டு, அவற்றைத் தொடாமல், பெப்டோனைப் பாதியாக்கினால் விளிம்பின் வேகம், கிளையின் தடிமன், கிளைகளின் இடைவெளி மூன்றும் என்ன ஆகும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டுத் தட்டை ஊற்றுங்கள். மூன்றில் இரண்டு பொருந்தி ஒன்று தவறினாலும் அது பெரிய செய்தி. எந்த உறுப்பு குறைகிறது என்று அந்த ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும்.

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகன் இதைப் பார்த்துவிட்டு, சமையலறையில் தட்டு ஊற்றிக் கைவிரல் வைத்து வளர்க்கப் போகிறேன் என்கிறான். விடலாமா?
– ஒரு தாய், பெரம்பூர்

விடாதீர்கள் அம்மா. கையிலிருந்தும் தொட்டியடியிலிருந்தும் என்ன வருகிறது என்று தெரியாது. ஒன்று கோடியாக வளர்ந்தபின் மூடியைத் திறப்பது ஆபத்து. ஏற்கெனவே வளர்த்துவிட்டான் என்றால், கையுறை போட்டு, ஒரு பங்கு பிளீச்சிங் திரவமும் ஒன்பது பங்கு தண்ணீரும் கலந்த வாளியில் தட்டை மூடியோடு அமிழ்த்தி, தண்ணீருக்குள்ளேயே மூடியை விலக்கி, ஒரு மணி நேரம் ஊறவிட்டு அப்புறப்படுத்துங்கள்.

ஆனால் பையனின் ஆர்வத்தை அணைக்கவும் வேண்டாம். கிளையின் கணக்கை வீட்டிலேயே பார்க்க வேறு வழி உண்டு. சாஃப்மனும் டெய்லரும் 1958-இல் ஆராய்ந்தது. 5 மி.மீ. கனத்தில், ஓர் அடிச் சதுரமாக இரண்டு அக்ரிலிக் தகடுகள். மேல் தகட்டின் நடுவில் 3 மி.மீ. துளை. கீழ்த் தகட்டின் நாலு மூலையிலும் விசிட்டிங் கார்டுத் துண்டு ஒன்று. நடுவில், மருந்துக் கடையில் கிடைக்கும் கிளிசரின் 5 மி.லி., அதில் ஒரு துளி கேசரிக் கலர். மேல் தகட்டை மெல்ல வைத்து மூலைகளில் பைண்டர் கிளிப் மாட்டினால், கிளிசரின் உள்ளங்கையைவிடப் பெரிய வட்டமாகப் பரவும். காற்றுக்குமிழி சிக்கியிருந்தால் எடுத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும். அடியில் வெள்ளைத் தாள். ஊசி இல்லாத சிரிஞ்சால் துளை வழியே காற்றை அழுத்தினால், காற்று கிளிசரினுக்குள் விரல் விரலாகப் பிரிந்து ஓடும்.

இங்கே அழுத்தம் செய்வதைத்தான் தட்டில் சத்து செய்கிறது: நீட்டிய நுனிக்கு முன்னால் சரிவு செங்குத்து, பள்ளத்தில் சரிவே இல்லை. மெதுவாக அழுத்தச் சொல்லுங்கள், தடித்த சில விரல்கள்; வேகமாக அழுத்தினால் ஒல்லியான பல. கார்டுத் துண்டை இரண்டாக அடுக்கினால் விரலின் அகலமும் கூடும். ஒவ்வொரு தடவையும் மேலிருந்து செல்போனில் ஒரு படம், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து. மூன்று தடவைக்கு ஒரு தடவை தகடுகளைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் விரல்கள் ஒரு பக்கமாகவே ஓடும்.